உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

கடந்த தீபாவளி விடுமுறையின் இரண்டாம் நாள் இரவு, ரஞ்சன்காவில் எங்கள் வீட்டு அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுப் பெண்மணி நின்றிருந்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கூடத்தில் அமர்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, "காகா, ஆவாஜ் தோடா கமீ கரா நா" என்று பணிவாகச் சொன்னார். ஒலியைக் கொஞ்சம் குறையுங்கள் என்பது அதன் பொருள். அப்பா மலர்ந்த முகத்துடன், "ஹோ, ஹோ, யா, பஸா" என்றார். வாருங்கள், உட்காருங்கள் என்று அவரை வரவேற்றார்.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் ஓடிச் சென்று ஒலியைக் குறைத்தேன். அவர் போன பிறகு அம்மா, "ஏனுங்க, அவங்க சத்தத்தக் கொறைக்கச் சொன்னாங்க" என்றார். அப்பா, "மராட்டி எனக்கு எங்க புரியுது" என்றார். அன்றைக்கு அந்த விடையை நானும் ஏற்றுக்கொண்டேன். மொழியியல் முதுகலை படித்தவள், ஆய்வாளர் என்று என்னைச் சொல்லிக்கொள்பவள், ஏற்றுக்கொண்டேன் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன்.

ரஞ்சன்காவ் புனேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) செல்லும் சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மகாராட்டிரர்களுக்கு அது அஷ்டவிநாயகர் தலங்களுள் ஒன்று. மகாகணபதி கோயில் கொண்ட ஊர். எங்களைப் போன்றவர்களுக்கு அது எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் பிரஸ் பட்டறைகளில் வேலை பார்த்தவர். 2009இல் ரஞ்சன்காவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவுக்கு வந்தார். "கணபதியிலிருந்து கணபதிக்கு" என்பது எங்கள் வீட்டுப் பழைய நகைச்சுவை. அம்மா உடன் சென்றார். நான் அம்மாயி வீட்டில் தங்கிக் கோவையிலேயே படித்தேன். விடுமுறைகளில் மட்டுமே எனக்கு ரஞ்சன்காவ்.

சென்ற ஆண்டு அப்பா ஓய்வு பெற்றார். கையில் வந்த பணத்தில் அவர் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு ஹோம் தியேட்டர்: ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர். வாங்கிய நாளிலிருந்தே அம்மாவுக்கும் அதற்கும் ஆகவில்லை. வசனம் வரும்போது அப்பா ஒலியைக் கூட்டுவார். உடனே ஒரு சண்டையோ பாட்டோ வரும், சுவர் அதிரும். அவசரமாகக் குறைப்பார். மீண்டும் வசனம், மீண்டும் கூட்டுவார். இரண்டரை மணி நேரப் படம் முழுவதும் ரிமோட்டை அவர் கீழே வைப்பதில்லை. "காசு போட்டு வாங்கினதுல பேச்சே தெளிவா இல்ல கண்ணு. சரியில்லாத பெட்டியத் தலைல கட்டிட்டானுங்க" என்று என்னிடம் முறையிட்டார்.

கீழ்வீட்டார் வந்து சென்ற மறுநாள் காலை, அந்தப் பெட்டியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். ஒலியியல் ஒரு பருவம் படித்திருக்கிறேன். இதற்குக்கூடப் பயன்படவில்லையென்றால் எப்படி?

முதலில் அப்பாவின் ஐயம் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. ரிசீவரின் திரையில் ஒலியளவு −18 என்று காட்டியது. "மைனஸ் பதினெட்டுன்னா சத்தமே இல்லாததுக்கும் கீழயா கண்ணு?" என்றார். நியாயமான கேள்வி. இத்தகைய ரிசீவர்களில் 0 என்பது அமைதியைக் குறிப்பதன்று. முறையாக அளவீடு செய்த திரையரங்கில் படத்தை எந்த அளவில் ஒலிக்கவிடுவார்களோ, அந்த மேற்கோள் அளவே 0. அங்கே சோதனை இரைச்சலை ஒலிக்கவிட்டு ஒவ்வொரு முன் ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு நிறுத்துவார்கள். படத்தின் உச்சங்கள் அதற்கு மேலும் 20 டெசிபல் எழ இடம் இருக்கும். −18 என்றால் அதிலிருந்து 18 படிகள் கீழே என்று பொருள். படிகளும் சமமான கூட்டல்கள் அல்ல, மடக்கை அளவு. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு; 10 டெசிபல் ஏறினால் பத்து மடங்கு. ஆனால் நம் காதுக்கு அந்தப் பத்து மடங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகவே படும்.

பிறகு ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். எங்கள் வீட்டில் அது டிவி மேசையின் கீழ்த்தட்டில், உள்ளே தள்ளி, பார்ப்பவரின் முழங்காலை நோக்கியபடி இருந்தது. அதை வெளியே இழுத்து, அடியில் இரண்டு ரப்பர்த் துண்டுகளை வைத்து முகத்தை நோக்கிச் சாய்த்தேன். ரிசீவருடன் வந்த சிறு மைக்கை அப்பா அமரும் இடத்தில் அவர் காது உயரத்தில் நிறுத்தி, தானியங்கி அளவீட்டை ஓடவிட்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று ஒலித்து அடங்கியது. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 செ.மீ. செல்லும், அருகிலுள்ள ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காதுக்குச் சேர்ப்பது அந்த அளவீட்டின் வேலைகளுள் ஒன்று.

அடுத்து, சப்வூஃபரின் அளவை 6 டெசிபல் குறைத்து, அதன் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டேன். சுவரையும் தளத்தையும் கடந்து கீழ்வீட்டுக்குச் செல்வது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்கள்தாம். அந்தப் பையனின் படிப்பைக் கெடுத்தது வசனமன்று, பின்னணியின் 'தும் தும்'. நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 4 டெசிபல் உயர்த்தினேன். இரவு முறை என்ற அமைப்பையும் இயக்கினேன். அது மெல்லிய ஒலிகளை உயர்த்தி, பெருத்த ஒலிகளைத் தாழ்த்தி, இரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கும்.

அன்றிரவு படம் −26இல் ஓடியது. அம்மாவுக்கு நிம்மதி. கீழ்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். "கேக்குது கண்ணு. புரியத்தான் மாட்டேங்குது" என்றார்.

கடைசி முயற்சியாக உயர் அதிர்வெண்களைக் கூட்டும் ட்ரெபிள் அமைப்பை மேலேற்றினேன். +2 வைத்தேன், அப்பா அசையவில்லை. +4 வைத்தேன். +6இல், அதுதான் அந்த ரிசீவரின் உச்சம், நடிகர்களின் ஒவ்வொரு 'ச'வும் குக்கர் ஆவி போல் சீறியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் முகம் தெளிந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு. இதையே மொதல்ல பண்ணியிருக்கலாமல்ல?" என்றார்.

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. பெட்டியில் பிழை ஏதும் இல்லை.

மாணவர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். பேச்சொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தருபவை முதன்மையாக உயிரொலிகள். ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்தறியத் தேவையான தடயங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கின்றன. த, ட, க போன்ற வல்லின மெய்கள் வெடிக்கும் சிறு கணம், அடுத்த உயிருக்கு அவை வழிவிடும் நெளிவு, 'ச'வின் உரசல் ஆகியவை ஆற்றலில் மெலிந்தவை, அதிர்வெண்ணில் உயர்ந்தவை. இரைச்சலால் சேதமடையும் காது முதலில் இழப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, குறிப்பாக 4000 ஹெர்ட்சை ஒட்டிய பகுதியை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பள்ளம் அகலும். அத்தகைய காதுக்குப் பேச்சு கேட்கும். ஆள் யார் என்பது தெரியும். கோபமா கொஞ்சலா என்பதும் தெரியும். எந்தச் சொல் என்பதுதான் தெரியாது. நம் இலக்கண மரபின் சொற்களில் சொன்னால், உயிர் கேட்கும், மெய் கேட்காது. மெய்யிலும் மூக்கொலிகள் ஓரளவு தப்பிக்கும். வல்லினம்தான் முதலில் உதிரும்.

வீட்டில் இதற்குச் சான்றுகள் எத்தனை ஆண்டுகளாகக் கிடந்தன! "கடைக்குப் போலாமுங்களாப்பா?" என்றால் "என்ன கதை கண்ணு?" என்பார். 'பட்டு' என்றால் 'பத்து' என்பார். நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். சொல்லில் உயிர்கள் அப்படியே நிற்க, வல்லின மெய் மட்டும் இடம் மாறியிருப்பதை ஒருநாளும் நான் கவனிக்கவில்லை. ஒலியனியல் வகுப்பில் இத்தகைய இணைகளைப் பலகையில் எழுதி மதிப்பெண் பெற்றவள் நான்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. முதுகலை இரண்டாம் ஆண்டில், புலம்பெயர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் இரண்டாம் மொழி கற்றல் குறித்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதினேன். தரவு என் பெற்றோரும் அவர்களுக்குத் தெரிந்த சிலரும். அம்மா காய்கறிச் சந்தையிலும் அண்டை வீடுகளிலும் பேசிப் பேசிச் சரளமான மராத்தி பெற்றிருந்தார். அப்பா அத்தனை ஆண்டுகள் மராத்தி பேசும் தொழிலாளர்களிடையே இருந்தும் சில சொற்களைத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்கு நான் தந்த விளக்கம்: பயன்பாட்டுக் களத்தின் குறுகல், தூண்டுதலின்மை, ஊர் திரும்பும் எண்ணம். கட்டுரை பாராட்டுப் பெற்றது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் பழைய வன்தட்டிலிருந்து அந்த நேர்காணல் ஒலிப்பதிவை எடுத்து, என் எழுத்துப்பெயர்ப்பையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்று இடங்களில் அப்பா நான் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. வேறு ஏதோ கேள்விக்கு விடை சொல்லியிருந்தார். அந்த மூன்று இடங்களிலும் அடைப்புக்குறிக்குள் 'தலைப்பு மாற்றம்' என்று குறித்திருந்தேன். ஓரிடத்தில் 'தயக்கம், தவிர்ப்பு மனநிலை?' என்றும் எழுதியிருந்தேன். பதிவின் பதினோராம் நிமிடத்தில் அவர் மராத்தியைப் பற்றிச் சொல்கிறார்: "காதுல விழுகுது. வார்த்தை பிரியத்தான் மாட்டேங்குது." அந்த வாக்கியத்தைத்தான் என் கட்டுரையில் மொழித்திறன் குறைவுக்கு மேற்கோளாகக் காட்டியிருந்தேன். பிரஸ் இயந்திரங்களின் நடுவே, பெரும்பாலும் அறிமுகமற்ற சொற்களை, சேதமடைந்த காதால் கேட்ட மனிதர் அவர். தாய்மொழியில் ஒரு மெய் விடுபட்டாலும் சூழலைக்கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். புதிய மொழியில் நிரப்புவதற்குக் கையில் ஏது? தமிழில் இல்லாத மூச்சொலி வேறுபாடுகளையும், மராத்தியில் ஒரே எழுத்தால் குறிக்கப்படும் இருவகைச் சகர ஒலிகளையும் கேட்டுப் பழக, நல்ல காதுக்கே காலம் பிடிக்கும். அப்பா தம் நிலையை அப்படியே சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

டெசிபல் என்ற அலகில் இருக்கும் பெயர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுடையது. அவருடைய தாய்க்குக் கேட்கும் திறன் மிகக் குறைவு. மனைவி மேபல் சிறுவயதுக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். அவருடைய தந்தை அலெக்சாண்டர் மெல்வில் பெல், பேச்சுறுப்புகளின் நிலையையே எழுத்து வடிவமாக்கிக் காட்டும் 'காணும் பேச்சு' என்ற முறையை 1867இல் நூலாக வெளியிட்டார். ஒலியியல் வரலாறு படிப்பவர்கள் அதைக் கடந்தே வருவார்கள். தந்தையின் அந்த முறையைக் கொண்டு காதுகேளாதோருக்குக் கற்பித்தவர் மகன். சைகைமொழிக்கு எதிராக அவர் எடுத்த நிலைப்பாடு காதுகேளாதோர் சமூகத்துக்கு நெடுங்காலம் தீங்கு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரின் குறையைத் திருத்த முனைகிறவர், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தவறுவது புதிய கதையன்று.

மறுநாள் காலை காப்பி நேரத்தில் அப்பாவிடம் பேசினேன். காது என்றதும் முகம் இறுகியது. "எனக்கென்ன செவிடா?" என்றார். நான் வாதாடவில்லை. தொழிற்சாலையில் காதடைப்பான் தரவில்லையா என்று மட்டும் கேட்டேன். தந்தார்கள் என்றார். புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாராம். இவர்தான் போடுவதில்லை. "டை மழுங்குனா சத்தம் மாறும் கண்ணு. ஸ்லைடு இறங்கறப்பவே தெரியும். காத அடைச்சுட்டா மெஷின் பேசறது எப்படிக் கேக்கும்?" அதனால் மேற்பார்வையாளர் வரும்போது பஞ்சு, மற்ற நேரத்தில் வெறும் காது. கணபதிப் பட்டறைகளையும் சேர்த்தால் 34 ஆண்டுகள்.

இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்சார் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு. கீழ்வீட்டுப் பையன் படிக்கும் இரவு நேரத்துக்குக் குடியிருப்புப் பகுதிகளில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இழப்பீடு கோரலாமா என்று விசாரித்தேன் என்றபோது அப்பா, "பஞ்சு வெச்சவன் நான். யார் மேல கேஸ் போடறது?" என்றார். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது. நான் அதை இன்னும் விட்டுவிடவில்லை.

அவரைச் சோதனைக்கு அழைத்துச் சென்றது என் வாதம் அன்று, ரிசீவர்தான். இரவு மீண்டும் படம் போட்டு, ட்ரெபிளை 0க்கும் +6க்கும் மாற்றிக் காட்டினேன். "அம்மாவுக்கும் எனக்கும் இதுல காது கூசுது. உங்களுக்கு இதுலதான் பேச்சு பிரியுது. பெட்டி ஒண்ணுதானுங்களே அப்பா?" என்றேன். நெடுநேரம் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார். பிறகு, "எப்பப் போகோணும்?" என்றார்.

புனேயில் சோதனை நடந்தது. 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 வரை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எந்த அளவில் ஒலி முதன்முதலாகக் கேட்கிறது என்று குறித்தார்கள்: வலக்காதுக்குச் சிவப்பு வட்டம், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. 1000 வரை கோடு ஏறக்குறைய நேராகச் சென்று, 2000க்குப் பிறகு சரிந்தது. 4000இல் இரு காதுகளிலும் 65 டெசிபல். 8000இல் சற்று மேலே ஏறியது. பாடநூலில் இருக்கும் பள்ளம் அப்படியே இருந்தது. அடுத்தது சொல்லறிதல் சோதனை. அங்கிருந்த சொற்பட்டியல்கள் மராத்தியிலும் இந்தியிலும் மட்டும் இருந்தன. அப்பா மராத்திச் சொற்களில் பாதிக்கும் மேல் தவறவிட்டார். இது காதின் தோல்வியா, மொழியின் தோல்வியா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். கேள்திறன் வல்லுநர் புன்னகையுடன் ஒப்புக்கொண்டு, பட்டியலைத் தள்ளிவைத்துத் தூய ஒலிச் சோதனையை மட்டும் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். என் முதுகலைக் கட்டுரை செய்த அதே பிழையை ஓர் எண்ணாக அந்த அறையில் பார்த்தேன்.

இப்போது அப்பா இரண்டு காதுகளிலும் கருவி அணிகிறார். எல்லா நேரமும் அல்ல. முதல் வாரம் பாத்திரம் விழும் ஓசையும் செய்தித்தாள் மடிக்கும் ஓசையும் தாங்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். அந்தக் கருவி செய்வதும் நான் ரிசீவரில் செய்ததுதான்: அவர் இழந்த உயர் அதிர்வெண்களை மட்டும் உயர்த்துகிறது, மெல்லியதைக் கூடுதலாகவும் பெருத்ததைக் குறைவாகவும் பெருக்கி இடைவெளியைச் சுருக்குகிறது. வேறுபாடு, இதில் அம்மாவின் காது கூசுவதில்லை. இழந்த நுண்மை முழுதும் திரும்பாது என்பதையும் வல்லுநர் மறைக்காமல் சொன்னார். மராத்தி இனிமேல் வருமா என்று தெரியாது. கீழ்வீட்டுப் பையன் மாடிப்படியில் "காகா, ஜேவலாத் கா?" என்று கேட்டதற்கு, சாப்பிட்டாயிற்று என்று அப்பா மராத்தியில் சரியாக விடை சொன்னாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார்.

களப்பணிக்குச் செல்லும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவலாளி பற்றிய படிவத்தில் வயது, ஊர், கல்வி, தெரிந்த மொழிகள் எல்லாம் கேட்கிறோம். தொழிலைக் கேட்கும்போது இரைச்சலையும் கேளுங்கள்: தறியா, பிரஸ்ஸா, கொதிகலனா, எத்தனை ஆண்டு. கேட்பதில் சிரமம் உண்டா என்று ஒரு வரி சேருங்கள். கேள்விக்குப் பொருந்தாத விடை வந்தால், 'தலைப்பு மாற்றம்' என்று குறிப்பதற்கு முன் அதே கேள்வியை முகத்துக்கு நேராக, நிதானமாக இன்னொரு முறை கேளுங்கள். என் கட்டுரையின் அந்தப் பகுதியைத் திருத்தி, பிழை எது என்ற குறிப்புடன் என் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.

சென்ற வாரம் மீண்டும் ரஞ்சன்காவ் சென்றிருந்தேன். ட்ரெபிளை 0க்குக் கொண்டுவந்தாயிற்று. நடு ஸ்பீக்கரின் 4 டெசிபலை இறக்கப் போனபோது, "அது இருக்கட்டும், உங்கம்மாளுக்கும் வயசாகுதல்ல" என்று அப்பா தடுத்தார். திரையில் ஒலியளவு −31 என்று காட்டியது.

பி.கு.: சொல்லறிதல் சோதனைக்கெனச் சீரமைக்கப்பட்ட தமிழ்ச் சொற்பட்டியலைத் தமிழ்நாட்டுக்கு வெளியே மருத்துவமனைகளில் பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். குறிப்பாகக் கொங்கு வழக்குப் பேசுவோரிடம் அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறேன்.